ஒரு குடும்பம், ஐந்து கடன், ஒரு தசமபாகம்: எதை முதலில் கட்டுவது?

கொட்டாஞ்சேனை_வீட்டுக்கூட்டம்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். கொழும்பில் எங்கள் வீட்டுக்கூட்டத்தில் ஒரு குடும்பம் தங்கள் கடன் கணக்கை மேசையில் வைத்து ஆலோசனை கேட்டிருக்கிறது. பெயரும் சபையும் சொல்லாமல் எண்களை மட்டும் இங்கே போட அவர்களே சம்மதித்தார்கள். ஜெபித்துவிட்டு அனுப்பினால் போதாது, கணக்கும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

கணவன், மனைவி இருவரின் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 185,000 ரூபா. வாடகை 45,000, சாப்பாடு 50,000, கரண்ட், தண்ணீர், போன் 14,000, போக்குவரத்து 15,000, ஸ்கூல் வான், டியூஷன் 18,000. மொத்தம் 142,000. மிச்சம் 43,000.

கடன்கள் இவை. கிரெடிட் கார்டில் 480,000, வருட வட்டி 28 வீதம், மாதம் குறைந்தபட்சமாக 24,000 கட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் லீசிங் 19,500 படி இன்னும் 18 தவணை. வங்கியில் 6 பவுண் நகை 600,000 ரூபாவுக்கு அடகில், வட்டி 15 வீதம், ஒரு வருடமாக வட்டி கட்டவில்லை. அது மூன்று அடகுச்சீட்டாக இருக்கிறது: 1 பவுண் மோதிரங்கள் 100,000, 2 பவுண் காப்பு 200,000, 3 பவுண் சங்கிலி 300,000. தனியாள் ஒருவரிடம் மாதம் 5 வட்டிக்கு 150,000, வட்டி மட்டும் 7,500 போகிறது. அவரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்று இருக்கிறது. கடைசியாக, சபைச் சகோதரர் ஒருவரிடம் வட்டியில்லாக் கைமாற்று 100,000. அவர் தவணை எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மாதம் 18,500 தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று, சபைக்கு) தவறாமல் கொடுக்கிறார்கள்.

கேள்விகள்: எதை முதலில் முடிப்பது? ஒரு நிதி நிறுவனம் 300,000 ரூபாவை 18 வீத வட்டிக்கு, 36 மாதத்துக்குத் தருவதாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறது. கார்ட் வட்டியை விடக் குறைவுதானே, எடுக்கலாமா? ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் 30 வீதம் எடுத்து அடைக்கலாமா? தசமபாகத்தை என்ன செய்வது? அதோடு, இன்னொரு விசுவாசியின் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நிற்கும்படி கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனோ என்று அவர் கலங்குகிறார்.

பம்பலப்பிட்டி_கணக்கு

எதை முதலில் முடிப்பது என்பதற்கு முன்னால், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஒழுகுகிறது என்று பாருங்கள். கார்ட் 24,000, லீசிங் 19,500, தனியாள் வட்டி 7,500, தசமபாகம் 18,500. கூட்டினால் 69,500. கையில் இருப்பதோ 43,000. 26,500 ரூபா துண்டு விழுகிறது. அது எங்கிருந்து வருகிறது? கார்டிலிருந்துதான். சாமான் வாங்கும்போது தேய்க்கிறார்கள். ஆக, கார்டுக்கு 24,000 கட்டுகிறார்கள், 26,500 திரும்ப எடுக்கிறார்கள், வட்டி 11,200 ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டியும் கார்ட் கடன் மாதம் 13,700 கூடுகிறது. அடகு வட்டி மாதம் 7,500 தனியே ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்காமல் எந்தக் கடனை எந்தக் கடனால் மாற்றினாலும் பயனில்லை.

அந்தத் துண்டுப்பிரசுரத்தை ஒதுக்கி வையுங்கள். அதில் இருக்கும் 18 வீதம் ஃப்ளாட் ரேட். 300,000 ரூபாவுக்கு மூன்று வருட வட்டி 162,000. மொத்தம் 462,000, மாதத் தவணை 12,833. நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 300,000 மீதே போடப்படுகிறது. குறைந்து செல்லும் நிலுவையில் போட்டுப் பார்த்தால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 30.6 வீதம். கார்டை விடக் கூட! இதன் மேல் ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். யாரிடம் கடன் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஃப்ளாட்டா, குறைந்து செல்லும் நிலுவையா?"

இனி வழி. இந்தக் குடும்பத்தின் கையில் ஒரு சொத்து இருக்கிறது, அது அடகில் தூங்குகிறது. மனைவிக்கு இது கடினம் என்று தெரியும், அதனால் அவருடைய முழுச் சம்மதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். கணக்குக்காக மட்டும் ஒரு பவுணுக்குக் கழிவு போகக் கையில் 250,000 கிடைப்பதாக வைக்கிறேன். அன்றைய விலையை நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் குறைந்தது இரண்டு கடையில் கேட்டு, இந்த எண்களைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய சீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மோதிரங்களை மீட்க முதல் 100,000, வட்டி 15,000. இந்த 115,000 ரூபாவை ஒரு கிழமைக்கு மட்டும் சபை உதவி நிதி கொடுத்தால் மற்றதெல்லாம் நகையே பார்த்துக்கொள்ளும். மோதிரங்களை விற்றால் 250,000. அதில் 230,000 கட்டிக் காப்பை மீட்கலாம். காப்பை விற்றால் 500,000, மிச்சம் இருந்த 20,000 சேர்த்து 520,000. சபைக்கு 115,000 அன்றே திருப்பிக் கொடுங்கள். மீதி 405,000. தனியாளுக்கு முதலும் அந்த மாத வட்டியுமாக 157,500 கொடுத்து முடியுங்கள். மீதி 247,500. சங்கிலிச் சீட்டுக்கு ஒரு வருட வட்டி 45,000 கட்டி, முதல் தொகையில் 200,000 குறையுங்கள். கையில் 2,500 மிஞ்சும். சங்கிலி 100,000 ரூபா அடகில் மட்டும் நிற்கும், மாத வட்டி 1,250.

சங்கிலியையும் விற்றால் கணக்கு இன்னும் இலகு. ஆனால் அது தாலிக்கொடி என்றால் அதை விற்கச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை.

இதில் சறுக்கும் இடங்கள் சில. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு போக வேண்டும். பகுதியாகக் கட்டி முதல் தொகையைக் குறைக்க அந்தக் கிளை விடுமா, பாக்கி வட்டி எவ்வளவு என்று முந்தின நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். கல் வைத்த நகையென்றால் கல்லின் நிறையைக் கழிப்பார்கள், பற்றாசு கூடிய பழைய நகையில் விலை இறங்கும். ஆகவே மோதிரத்தில் எதிர்பார்த்த விலை வராமல் போகலாம், அப்போது காப்பை மீட்கப் பணம் காணாது. அதற்காக 10,000, 15,000 மேலதிகமாக ஒழுங்கு பண்ணி வையுங்கள். "நாங்களே மீட்டு நாங்களே எடுக்கிறோம்" என்று சொல்லும் கடைகள் உண்டு. வேலை சுலபம், விலை குறைவு. இன்னொன்று, பொன் விலை ஏறியிருந்தால் வங்கி கவுண்டரிலேயே "இதே நகைக்கு இன்னும் கூடத் தரலாமே" என்பார்கள். வேண்டாம். அடகு முற்றிப்போவதும் ஏலத்துக்குப் போவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முகவரி மாறியிருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள், இல்லாவிட்டால் ஏல அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போகும்.

அடுத்தது கார்ட். முழு நிலுவையும் கட்டாதவரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை உங்களுக்கு இல்லை. இன்று தேய்த்த அரிசிக்கும் இன்றிலிருந்தே வட்டி. தேய்ப்பதை நிறுத்தி 5 வீதக் குறைந்தபட்சம் மட்டும் கட்டி வந்தால் கூடக் கடன் பாதியாக ஏறத்தாழ 26 மாதம் ஆகும். சம்பளம் வைப்பாகும் வங்கியில் தனிநபர் கடன் கேளுங்கள், அல்லது கார்ட் நிலுவையைத் தவணைத் திட்டமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, குறைந்து செல்லும் நிலுவையில் 16 வீதம், 36 மாதம் என்றால் 480,000 ரூபாவுக்குத் தவணை 16,875. இதை ஒரு தவணையும் பிந்துவதற்கு முன்னால் செய்ய வேண்டும். பிந்திய பிறகு கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் அது தெரியும், பிறகு நல்ல வட்டிக்கு யாரும் தரமாட்டார்கள். கார்டைக் கத்தரியால் வெட்டினால் போதாது. அதில் தானாகக் கழியும் போன் பில், சந்தா எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றி, கார்ட் கணக்கை மூடியதாக வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். மூடாத கார்ட் ஆறு மாதத்தில் திரும்ப நிரம்பும். கடனை ஒன்றாக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

இப்போது மாதக் கணக்கு: தனிநபர் கடன் 16,875, லீசிங் 19,500, சங்கிலி வட்டி 1,250. மொத்தம் 37,625. கையில் 43,000. மிச்சம் 5,375. தசமபாகத்தை இதில் எங்கே வைப்பது என்று போதகர்கள் யாராவது சொல்லட்டும், நான் கணக்கை மட்டும் காட்டுகிறேன்.

ஈபிஎஃப் பற்றிச் சுருக்கமாக: ஓய்வுக்கு முன்னால் எடுக்கும் 30 வீதம் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் உரியது. கார்ட் கடனுக்குக் கிடையாது. வீடு திருத்துவதாகப் பில் தயாரித்து எடுக்கலாம் என்று வேலையிடங்களில் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தை வாசிக்கிற நமக்கு அந்த வழி இல்லை.

புதுக்கடை_சட்டம்

கணக்கு அண்ணா சொன்னதில் தனியாள் கடனை முடிக்கும் விதம் பற்றி நான் சேர்க்கிறேன். பணத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரக்கூடாது. வெற்றுச் செக், புரோநோட்டு எழுதியிருந்தால் அது, இரண்டையும் திரும்ப வாங்கிய பிறகே பணம் கை மாற வேண்டும். "முதலும் வட்டியும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் வங்கி மூலமே அனுப்புங்கள், தடயம் இருக்கும். "செக் வீட்டில் கிடக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் பணமும் பிறகுதான்.

வெற்றுச் செக்கை இலேசாக நினைக்கிறார்கள். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, கணக்கில் பணமில்லை என்று தெரிந்தும் செக் கொடுப்பது குற்றம். கடன் சிவில் விஷயம், ஆனால் திரும்பிய செக் அதைக் குற்றவியல் பக்கம் இழுத்துவிடும். திரும்பிய செக் கிரிப் அறிக்கையிலும் ஏறும். எண் எழுதாத செக்கில் கடன் கொடுத்தவர் எந்த எண்ணையும் எழுதலாம் என்பதையும் யோசியுங்கள்.

வட்டி அளவுக்கு மீறியிருந்தால், 1918 ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்க முடியும். வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எல்லாக் கடிதங்களின் பிரதியோடும் போங்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ சம்பந்தப்பட்ட பிரச்சினையென்றால் ஒழுங்கு வேறு. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு, பிரதியைக் கையில் வையுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். 2023 இல் வர்த்தமானியில் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. நம்மவர்கள் பலர் விளங்காத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தமிழில் கேளுங்கள். தமிழில் இல்லையென்று சொன்னால், விளங்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க விடாத படிவத்தில் கையெழுத்தே வேண்டாம்.

இனிப் பிணை. கணவருக்கு நேராகச் சொல்கிறேன், தம்பி: நிற்காதீர்கள். பிணைப் படிவத்தில் வழக்கமாக இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு. இரண்டு, முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பார்த்துவிட்டு வா என்று பிணையாளி கேட்கக்கூடிய பழைய ரோமன் டச்சு உரிமையை விட்டுக்கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால் நிறுவனம் ஓட்டோக்காரரைத் தேடாமலேயே நேரே உங்களிடம் வரலாம். பாதிக் கடனுக்கல்ல, முழுக் கடனுக்கும். நீங்கள் பிணை நின்றது உங்கள் கிரிப் அறிக்கையிலும் வரும். மேலே சொன்ன தனிநபர் கடனை நீங்கள் கேட்கப்போகும் நேரத்தில் இது குறுக்கே நிற்கும்.

ஏற்கெனவே பிணை நின்றவர்கள் இதை வாசித்தால்: ஒரு கடிதம் எழுதி நீங்களாக விலக முடியாது. கடனாளியோடு சேர்ந்து போய் மாற்றுப் பிணையாளியைக் கொடுக்க வேண்டும், நிறுவனம் ஏற்றுக்கொண்டு உங்களை விடுவித்ததாக எழுத்தில் தர வேண்டும். அதுவரை கட்டுப்பணம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொரு மாதமும் கேளுங்கள். மூன்று தவணை பிந்திய பிறகு வரும் கடிதத்தில்தான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

தெமட்டகொடை_போதகர்

பிணையைப் பற்றி வேதம் மறைத்துப் பேசவில்லை. "கையடித்து உடன்பட்டு, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே. செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே" என்று நீதிமொழிகள் 22 சொல்கிறது. ஏற்கெனவே பட்டுவிட்டவன் தூங்காமல் போய்த் தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று 6 ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே அந்தச் சகோதரர் மறுத்தால் அது அன்புக் குறைவல்ல. "என்னால் கையெழுத்துப் போட முடியாது, என் கடன் நிலை இது" என்று உண்மையைச் சொல்லட்டும். அந்த விசுவாசியோடு உட்கார்ந்து அவருடைய லீசிங் கணக்கைப் பார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

தசமபாகத்துக்கு வருகிறேன். என் மனதில் உள்ளதைத் தெளிவாகச் சொல்கிறேன். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் கடன் வாங்கிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இந்தக் குடும்பம் 18,500 கொடுத்த அதே மாதத்தில் 26,500 கார்டில் தேய்க்கிறது. அப்படியானால் காணிக்கைப் பெட்டியில் விழுவது வங்கியின் பணம், 28 வீத வட்டிக்கு. "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் 2 கொரிந்தியர் 8 இல் எழுதுகிறார். இந்த வசனத்தை நாம் காணிக்கை நேரத்தில் அதிகம் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும்.

கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை ஆலயத்துக்கு ஒதுக்கினவர்களை இயேசு கடிந்துகொண்டார், மாற்கு 7. கடன் கொடுத்தவனுக்கு உரியதை எடுத்துத் தேவனுக்குக் கொடுப்பதும் அதே வழியில் போகிறது. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்பது சங்கீதம் 37. செலுத்துவதும் ஆராதனைதான்.

ஆகவே கணக்குச் சகோதரர் காட்டிய 5,375 ரூபாவை இப்படிப் பிரிக்கலாம் என்பது என் ஆலோசனை: காணிக்கை 1,375, கைமாற்றுக் கொடுத்த சகோதரருக்கு 2,000, அவசரத்துக்கு ஒதுக்கி வைக்க 2,000. காணிக்கையைச் சம்பள நாளிலேயே முதலில் எடுத்து வையுங்கள். கடைசியில் மிஞ்சினால் கொடுப்போம் என்று விட்டால் மிஞ்சாது. லீசிங் முடிந்ததும், மற்றக் கடன்கள் ஒவ்வொன்றாகக் கழிந்ததும், தொகையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். போதகரிடம் இதை மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். நல்ல மேய்ப்பன் இந்தக் கணக்கைப் பார்த்துக் கோபப்படமாட்டான்.

கைமாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டியில்லை, தவணையில்லை என்பதால் அது எப்போதும் கடைசிக்குப் போய்விடுகிறது. கேட்காதவருக்குக் கொடுக்காமல் விடுகிறோம், கத்துகிறவருக்குக் கொடுக்கிறோம். சபைக்குள் முகம் பார்க்காமல் ஒதுங்கிப் போகும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. இந்த மாதமே அவரைச் சந்தித்து, மாதம் 2,000 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 18 மாதத்தில் 36,000 போய்விடும். லீசிங் முடிந்ததும் மீதி 64,000 ரூபாவை மூன்று மாதத்தில் முடிக்கலாம்.

முதற்பலன்_மருதானை

போதகர் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். மல்கியா 3 இல் "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். பத்தில் ஒன்று அவருடையது, நம்முடையதல்ல. கஷ்டத்தில்தான் விசுவாசம் தெரியும். ஏழை விதவை இரண்டு காசையும் போட்டாளே. டியூஷனையும் சாப்பாட்டையும் குறைக்காமல் கர்த்தருடைய பங்கை முதலில் குறைப்பது சரியா?

தெமட்டகொடை_போதகர்

உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன், சகோதரரே. இரண்டு விஷயம் மட்டும். அந்த விதவை தன்னிடம் உள்ளதைப் போட்டாள், கடன் வாங்கிப் போடவில்லை. அடுத்தது, தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லி மல்கியா பேசும் அந்தப் பண்டசாலை எதற்கு என்று உபாகமம் 14 இன் கடைசி வசனங்களில் பாருங்கள். மூன்றாம் வருடத் தசமபாகத்தில் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். துண்டு விழும் குடும்பம் சில காலம் அந்தப் பண்டசாலையிலிருந்து பெறும் பக்கத்தில் நிற்பது வேதத்துக்கு விரோதமல்ல.

டியூஷன், சாப்பாடு பற்றி நீங்கள் சொன்னது நியாயம். சாப்பாட்டில் 3,000, போனில் 1,000 குறைக்க முடிந்தால் அந்த 4,000 ரூபாவை மனமுவந்து காணிக்கையோடு சேர்க்கட்டும். அது அவர்களுடைய பணம். அதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

கொச்சிக்கடை_வின்சென்ட்

நான் கத்தோலிக்கன், வேத புத்தகங்களுக்குத் திருவிவிலியப் பெயர்களையே எழுதுகிறேன். அந்த 115,000 ரூபாவைப் பங்கோ சபையோ கொடுக்கும் விதம் பற்றிச் சொல்ல வேண்டும். உதவி நிதி பல இடங்களில் கெட்டுப்போவது கொடுத்த தொகையால் அல்ல, கொடுத்த விதத்தால்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். இதில் நம்பிக்கைக் கேள்வி இல்லை. வீட்டில் ஓர் இரவு பணம் இருந்தால் வாசலில் நிற்கும் கடன்காரருக்குத்தான் அது போகும். இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மனைவிக்கு ஆறுதலாக இருக்கும், அந்தக் குடும்பத்தோடு வங்கிக்குப் போய்க் கவுண்டரில் கட்டட்டும். அங்கிருந்து செட்டியார் தெரு, திரும்ப வங்கி. காலையில் தொடங்கினால் ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை. வெள்ளிக்கிழமை வேண்டாம். ஒரு சீட்டு இழுபட்டாலும் சனி, ஞாயிறு முழுக்க மீட்ட நகையும் காசும் வீட்டில் கிடக்கும். திகதியும் தொகையும் போட்ட ஒரு தாள், இரண்டு கையெழுத்து, வட்டி இல்லை. விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 22 இல் ஏழைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வட்டி கேட்கத் தடை இருக்கிறது. திரும்ப வராவிட்டால் என்ன செய்வது என்பதைக் கொடுப்பதற்கு முன்பே குழு தீர்மானிக்க வேண்டும். கைம்மாறு கருதாமல் கொடுக்கும்படி லூக்கா 6 சொல்வதால், தாங்கக்கூடிய தொகையையே கொடுங்கள். ஜெப விண்ணப்பமாகக் கூட இந்தத் தொகையை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

ஒரு சிறு வரலாறு. அடகில் ஏழைகள் நசுங்குவதைப் பார்த்து, 1462 இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் குறைந்த கட்டணத்துக்கு அடகு பிடிக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். நடத்தும் செலவுக்குச் சிறு கட்டணம் எடுப்பது வட்டிப் பாவமா என்ற வாதம் பல வருடம் நடந்தது. 1515 இல் பத்தாம் லியோ பாப்பரசரின் காலத்தில் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அதை அனுமதித்தது. அதாவது ஏழையின் அடகுச்சீட்டு திருச்சபையின் கவலைக்குரிய விஷயம் என்பது இன்று நேற்று வந்த எண்ணமல்ல.

மோட்டார் சைக்கிள் லீசிங் பற்றி யாரும் பேசவில்லை. அதில் ஒரு தவணையும் தவறக்கூடாது. இணைச்சட்டம் (உபாகமம்) 24 இல் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது உயிரையே அடகாக வாங்குவது என்று இருக்கிறது. பிழைப்புக்கான கருவி அது. கணவர் அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார் என்றால் இந்த வீட்டின் திரிகைக் கல் அதுதான். மோசேயின் சட்டம் எடுக்காதே என்றது, லீசிங் ஒப்பந்தம் எடுக்கலாம் என்கிறது. அதனால் சம்பளம் வந்த மறுநாளே அது கழியும்படி நிலையான கட்டளை ஒன்றை வங்கிக்குக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி: அடகுச்சீட்டைச் சொல்லவில்லை, பலர் சேர்ந்து மாதாமாதம் பணம் போடும் சீட்டு ஏதாவது கட்டுகிறார்களா? எடுத்து முடித்த சீட்டில் மீதித் தவணை இருந்தால் அதுவும் கடன்தான். பட்டியலில் அதைக் காணவில்லை.

கொட்டாஞ்சேனை_வீட்டுக்கூட்டம்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அவர்களோடு உட்கார்ந்தோம். சீட்டு இருக்கிறது. மாதம் 5,000, இன்னும் 8 மாதம், அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. சாப்பாட்டுச் செலவுக்குள் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி மோதிரத்துக்கும் காப்புக்கும் சம்மதித்தார், சங்கிலி தாலிக்கொடிதான். பிணைக்கு மறுப்புச் சொல்லியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: சீட்டை இப்போதே கழிவுக்கு (தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்னதாக) எடுத்துக் கார்டுக்குக் கட்டலாமா, கடைசிவரை இருக்கலாமா?

பம்பலப்பிட்டி_கணக்கு

சாப்பாட்டுக்குள் இருக்கிறது என்றால் மாதக் கணக்கு மாறாது, நல்லது. சீட்டு எத்தனை பேர், இந்த மாதம் எடுத்தால் எவ்வளவு கழிவு என்று கேளுங்கள். கழிவு எவ்வளவு என்று ஒரு எண் வரும். அதே பணத்துக்கு மிச்ச மாதங்களில் கார்ட் தின்னும் வட்டி இன்னொரு எண். கார்டில் 100,000 ரூபாவுக்கு மாதம் 2,333 போகிறது, எட்டு மாதத்துக்கு 18,700 அளவு. கழிவு அதை விடக் குறைவென்றால் இப்போதே எடுங்கள். கார்டைத் தனிநபர் கடனாக மாற்றிய பிறகென்றால் 16 வீதத்தில் அது 10,700 அளவுக்கு இறங்கிவிடும், அப்போது காத்திருப்பது இலாபமாகலாம். ஆகவே தனிநபர் கடன் விண்ணப்பத்துக்குப் பதில் வந்த பிறகு தீர்மானியுங்கள்.

வங்கிக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலையிடத்துக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று, கார்டின் கடைசிக் கூற்று. அதற்கு முன்னால் கிரிப்பில் தங்கள் சொந்த அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். தனியாள் கடனும் கைமாற்றும் அதில் வராது. ஆனால் மறந்துபோன பழைய கார்ட், மூடாத தவணைக் கணக்கு, வேறு யாருக்கோ நின்ற பிணை எல்லாம் அதில் நிற்கும். பிழை இருந்தால் அந்தக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதித் திருத்தி வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். நாலைந்து வங்கியில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட வேண்டாம், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். சம்பள வங்கியில் முதலில் கேட்டுப் பதில் வரட்டும். அடகு வேலையை அதற்காகக் காத்திருக்காமல் வரும் செவ்வாய்க்கிழமையே தொடங்கலாம், தனியாளின் அடுத்த வட்டி நாள் வருவதற்கு முன்னால் அந்தச் செக் கைக்கு வந்துவிட வேண்டும்.